சித்திரை ஒன்றாம் தேதி வந்த ஆல்பம்

எங்கள் சவுண்ட் சர்வீஸ் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு ஜில்லா என்றாலும் கடைவீதியில் தமிழ்தான் அதிகம் காதில் விழும், கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. அந்தப் பக்கம் மாரியம்மன் நோன்பு சாட்டினால் குழாயும் பாக்ஸும் இங்கிருந்து போகும். இந்தப் பக்கம் பூரம், கல்யாணம், காலேஜ் ஆண்டுவிழா. மாசி பிறந்தால் சித்திரை முடியும் வரை தூக்கமெல்லாம் வண்டியில்தான். இந்த ஊரில் ஹெவி மெட்டல் (கிட்டாரும் டிரம்மும் அதிர அடிக்கிற ராக் இசை) கேட்கிறவர்களா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். பாக்ஸ் ஏற்றி இறக்கும் பையன்களில் எப்போதும் ஒன்றிரண்டு பேர் கறுப்பு டி-ஷர்ட் கூட்டம், காலேஜ் ஃபெஸ்ட்டுக்கு டிரம் மைக் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களும் அதே கூட்டம்தான். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்டான மெட்டாலிக்கா வாசித்தபோது எங்கள் பக்கத்திலிருந்து ரயிலேறிப் போனவர்கள் வாரக்கணக்கில் வேறு பேச்சே பேசவில்லை.

அந்த பேண்டின் புது ஆல்பம் வந்தால் முதல் இரண்டு நாள் கடையில் சண்டை நடக்கும். அதை நான் வேலையின் ஒரு பகுதியாகவே கேட்டு வருகிறேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் நிற்கிறவனுக்குக் காதை விட்டால் வேறு கதியில்லை, ரசிகனுக்கும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: சத்தத்தைப் பற்றி ரசிகன் முதல் நாள் சொல்லும் குறை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, பாட்டைப் பற்றி முதல் நாள் சொல்வதைத்தான் கொஞ்சம் ஆறப்போட வேண்டும்.

2003-இல் 'செயின்ட் ஆங்கர்' வந்தபோது, "அண்ணா, ஸ்னேர் எண்ணெய் டின்னைத் தட்டுற மாதிரி இருக்குங்ணா" என்று ஒரு காலேஜ் பையன் வருத்தத்தோடு சொன்னான். ஸ்னேர் டிரம்முக்கு அடியில் தோலை ஒட்டி மெல்லிய கம்பிகள் வரிசையாக இருக்கும், அதைத் தளர்த்திவிட்டு பேண்டின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் வாசித்திருந்தார். கம்பி படாவிட்டால் அந்த டிரம்மில் 'சடார்' கிடைக்காது, வெறும் 'டங்'தான். பையனுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது, ஆனால் காது பிடித்துவிட்டது. உலகம் முழுக்க ரசிகர்கள் சொன்னதும் அதையேதான். 1988-இல் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் கிட்டார் கேட்கவே இல்லை என்ற குறையும் இப்படித்தான், இன்றுவரை ஓயவில்லை. ரசிகர்கள் தாங்களாகவே பேஸை ஏற்றி வைத்துத் தனிப் பதிப்புகள் செய்து கேட்கிறார்கள். பேருந்து விபத்தில் இறந்துபோன பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் பர்ட்டனின் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் முழுதாக வாசித்த முதல் ஆல்பம் அது, அவர் விரல் அதில் கேட்காதது எனக்கு இன்றும் தாங்கவில்லை.

2008 செப்டம்பரில் வந்த 'டெத் மேக்னெட்டிக்' விஷயத்தைத்தான் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொரு பையனுக்கும் சொல்கிறேன். பாட்டுகள் எல்லோருக்கும் பிடித்திருந்தன, பழைய வேகம் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் சிடியைப் போட்டால் காது வலிக்கிறது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமுக்கும் கொடுக்கப்பட்டிருந்தன, அதில் கேட்டால் டிரம் தனியாக, கிட்டார் தனியாக, தெளிவாக இருந்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அலைவடிவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்: கேமில் இருந்ததில் ஏற்ற இறக்கம் தெரிந்தது, சிடியில் இருந்தது மேலும் கீழும் வெட்டிவிட்ட ஒரு பட்டை. மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடுங்கள் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டரிங், அதாவது மிக்ஸ் முடிந்தபின் செய்யும் கடைசி மெருகு வேலையைச் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் அப்படி நசுங்கித்தான் இருந்தது என்று ஒரு ரசிகருக்குப் பதில் எழுதினார்.

எங்கள் வேலையில் இது தினப்படி விஷயம். மிக்சரில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சின்ன சிவப்பு லைட் உண்டு. டிரம் அடி விழும்போது எப்போதாவது மினுக்கினால் பரவாயில்லை, எரிந்தபடியே நின்றால் கெய்னை, அதாவது அந்த சேனலுக்குள் வரும் சத்தத்தின் அளவைக் குறைத்தாக வேண்டும். விசேஷ வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றுகொண்டு "இன்னும் ஏத்துங்க, இன்னும் ஏத்துங்க" என்பார். ஏற்றினால் மெல்லிய சத்தமும் பெரிய சத்தமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், அலையின் உச்சி வெட்டுப்பட்டுப்போகும், அதற்குமேல் டிரம்முக்கு எழும்ப இடம் ஏது? கொஞ்ச நேரத்தில் பந்தலில் இருக்கிற பெரியவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். சத்தம் அதிகம் என்று சொல்லமாட்டார்கள், "உள்ள புழுக்கமா இருக்கு" என்பார்கள். வெட்டுப்பட்ட அந்த சத்தம் தொடர்ந்து போனால் பாக்ஸில் கீச்சென்ற மேல் சத்தத்தைக் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடும். கழற்றினால் தீய்ந்த வாடை வரும், அதில் அதிர்கிற சவ்வை (டயஃப்ரம்) மாற்றுகிற செலவு எங்கள் தலையில். பந்தலை விட்டு எழுந்துபோன அந்தப் பெரியவர்களும் எங்கெங்கோ இருந்து கையெழுத்துப் போட்ட ரசிகர்களும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள் என்று நான் நம்புகிறேன்.

சரி, பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். '72 சீசன்ஸ்' வெளியானது 2023 ஏப்ரல் 14, இங்கே சித்திரை ஒன்று, மறுநாள் விஷு. எங்கள் ஊரில் இரண்டுமே கொண்டாடுவார்கள், கடையில் அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லை. அதற்கு நடுவில்தான் பாக்ஸ் செக் பண்ணுகிறோம் என்ற பேரில் பையன்கள் ஆல்பத்தை முழுசாக ஓட்டினார்கள். மனிதனின் முதல் 18 வருஷம், வருஷத்துக்கு நாலு பருவம், அதுதான் 72. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு அப்போது 59 வயது, அந்த வயதில் தன் பிள்ளைப்பிராயத்தைத் திரும்பிப் பார்த்துப் பாடுகிறார், குரலும் திடமாக இருக்கிறது. சத்தத்தைப் பற்றி ஒருத்தனும் குறை சொல்லவில்லை. எல்லாக் குறையும் நீளத்தைப் பற்றித்தான். 12 பாட்டு, 77 நிமிஷம். கடைசிப் பாட்டு 'இனமொராடா' மட்டும் 11 நிமிஷத்துக்கு மேல், அவர்களுடைய சொந்தப் பாட்டுகளிலேயே நீளமானது. "ஒரே ரிஃப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கறாங்ணா, பாதியா வெட்டியிருக்கலாம்" என்றான் எங்களோடு வருகிற ஒரு காலேஜ் பையன். ரிஃப் என்றால் திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி. அன்றைக்கு அவன் பேச்சுக்குத்தான் ஆள் அதிகம்.

எங்களோடு கேபிள் வேலை பார்க்கிற தம்பி ஒருவன், சீசனில் செண்டை வாசிக்கவும் போவான். அவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பஞ்சாரி மேளத்தைக் காட்டிப் பேசினான். கேரளக் கோவில்களில் செண்டைக்காரர்கள் கூட்டமாக வாசிக்கிற மேளம் அது, அதற்கு ஐந்து கட்டம், காலம் என்பார்கள். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. முதல் காலம் ரொம்ப நிதானமாக நகரும், கேட்டுப் பழகாதவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் மேளத்துக்கு முன்னால் நிற்கிற ஆட்களைப் பாருங்கள், வெயிலில் நின்றுகொண்டு கையைக் காற்றில் வீசி அட்சரம் எண்ணிக்கொண்டே இருப்பார்கள், 6 அட்சரக் காலத்துக்கு வரும்போது கிடைக்கிற சந்தோஷம் அந்த 96-ஐ எண்ணியவனுக்குத்தான். "'இனமொராடா' பாட்டோட நடுவுல எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் வருதில்ல, அதுக்கு முன்னாடி அவ்வளவு நேரம் வாசிச்சாத்தான் அது நிக்கும்" என்றான். வாதத்துக்காகச் சொல்லவில்லை. கேபிளைச் சுற்றிக்கொண்டே, விரலால் தொடையில் தட்டிக் காட்டிச் சொன்னான்.

அதற்குப் பிறகு பல ராத்திரி, விசேஷம் முடிந்து வண்டியில் திரும்பும்போது அந்தப் பாட்டை ஓடவிட்டிருக்கிறேன். கோபாலபுரத்தில் ஏறினால் கடை வாசலுக்கு வரும்வரை வருகிறது. பேண்டில் இப்போது பேஸ் வாசிக்கிற ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் தனியாக வருகிற இடத்தில் பின்னால் பாக்ஸ் மேல் படுத்திருக்கும் பையன்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், பாதியாக வெட்டச் சொன்னவனும் சேர்த்துத்தான். இருந்தாலும் அவன் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆல்பத்தின் நடுவில் இரண்டு பாட்டையாவது எடுத்திருக்கலாம் என்கிறான். அதில் அவன் பக்கமும் நியாயம் இருக்கலாம், ஆனால் 'இனமொராடா'வைத் தொடக்கூடாது என்பதில் நான் செண்டைக்காரத் தம்பி கட்சி.