முகாம் முடிந்த பிறகு தொடங்கிய வேலை

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) என்றாலே எல்லோருக்கும் ஏழு நாள் சிறப்பு முகாம்தான் ஞாபகம் வரும். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது, ஊர்வலம், குரூப் போட்டோ. எங்கள் முகாம் முக்கூடல் பக்கம் ஒரு ஊரில் நடந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் டெங்கு பற்றிப் பேசியபோதும் கை நிற்கவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதானே கூலி, எப்படி நிற்கும்? ஒரு அத்தை மட்டும் கேட்டார்: “ஏ பிள்ளை, பீடிக்காரங்க பிள்ளைகளுக்கு கவர்மென்ட் துட்டு வருதுன்னு சொல்லுதாவளே, அத எழுதிக் குடுப்பியா?”

அது மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை. ஒன்றாம் வகுப்புக்கு வருஷம் 1,000 ரூபாயில் தொடங்கி, தொழிற்படிப்புக்கு 25,000 வரை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அந்த வருஷக் கெடு முடிந்துபோயிருந்தது.

அடுத்த வருஷம் நான் மாணவத் தலைவி. தொண்டர் ஒருவருக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம். அதில் 70 மணி வெளியே சமூகப் பணிக்கு. அந்த 70 மணியை ஒரே ஊரில் சனிக்கிழமைகளில் செலவழிக்கலாம் என்று திட்ட அலுவலரிடம் கேட்டேன், சரி என்றார். கூட இருந்தவர்களைச் சம்மதிக்க வைத்ததுதான் கஷ்டம். பேனரும் இல்லை, போட்டோவும் இல்லை, யார் வருவார்கள்? பி.காம் பிள்ளைகள் வந்தார்கள். வங்கி விஷயம் தெரிந்தவர்கள், அதுவே போதும்.

படிவம் நிரப்புவது பெரிய வேலையே இல்லை. அதற்கு முன்னால் வருவதுதான் வேலை. முதலில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. வருஷக்கணக்காகச் சுற்றுகிற சிலரிடம் அது இல்லை. பீடிக் கடையில் இலையும் தூளும் வேறொருவர் பாஸில், அதாவது கணக்கு எழுதும் புத்தகத்தில், வாங்கிச் சுற்றுகிறார்கள். கணக்கில் அவர்கள் பெயரே கிடையாது. அவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தத் திட்டம் மிகவும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்.

அட்டை இருந்தால் அடுத்து பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், பள்ளியில் பின்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. அப்புறம் வங்கிக் கணக்கு. ஆதார் எண் கொடுத்திருந்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் அந்தக் கணக்கில் ஏறும்படி வங்கி இணைத்திருக்க வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததில்தான் பணம் விழும். ஒரு பையன் “துட்டு வரவே இல்லை” என்று வந்து நின்றான். பார்த்தால், எப்போதோ தபால்காரர் கைரேகை வாங்கித் திறந்த போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கில் அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது!

நாங்கள் எதிர்பார்க்காத இடம் பள்ளிக்கூடம். மாணவர் அனுப்பும் விண்ணப்பத்தைப் பள்ளி அதே இணையதளத்தில் தன் லாகினில் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் மேலே போகும். ஒரு பள்ளியில் ஓடிபி, மாறுதலாகிப் போன தலைமையாசிரியரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்றக் கடிதம் எழுதி, அலைந்து, கெடு முடியும் நேரத்தில்தான் லாகின் திறந்தது. முன்கூட்டியே பள்ளிக்குப் போயிருந்தால் பாதி ஓட்டம் மிச்சம்.

அதனால் ஜூனியர்களிடம் எங்கள் குறிப்பு நோட்டைக் கொடுத்தபோது வரிசையை மாற்றி எழுதினேன்: ஜூனில் பள்ளி லாகின், ஜூலையில் வங்கி, அப்புறம்தான் விண்ணப்பம். பாஸில் பெயர் இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம். தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அடையாள அட்டைக்கு மனு போடப் போகிறார்களாம்.