உறுதிமொழித் தாளும் வாக்காளர் அட்டையும்

கடந்த ஆண்டு அக்கா மகளைச் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்க்கப் போயிருந்தபோது, கட்டண ரசீதோடு ஓர் உறுதிமொழித் தாளையும் நீட்டினார்கள். எந்த அரசியல் அமைப்பிலும் சேர மாட்டேன், எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று அதில் இருந்தது. வாக்காளர் அட்டை வாங்கி ஒரு மாதம்கூட ஆகாதவள் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வரிசை நீண்டிருந்ததால், "கையெழுத்துப் போடு கண்ணு" என்று நானே சொன்னேன். அது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

அவளுடைய தோழி ஒருத்தி ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள மலைக்கிராமத்திலிருந்து வருகிறாள். கடைசி வகுப்பு முடியும் நேரத்தை அரை மணி தள்ளிவைத்த பிறகு, ஏற்காட்டிலிருந்து ஊருக்குப் போகும் பேருந்தை அவளால் பிடிக்க முடியவில்லை. முன்னதாகக் கிளம்பினாலோ வருகைப்பதிவு குறைகிறது. வகுப்புப் பிரதிநிதியிடம் சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பிரதிநிதி மதிப்பெண் பார்த்துத் துறைத்தலைவர் நியமித்தவர். நோட்டுகளைத் திரட்டி ஆசிரியர் அறையில் வைப்பதோடு அவர் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

பிரதிநிதியை மாணவர்களே தேர்ந்தெடுக்கக் கல்லூரியில் தேர்தல் வைத்தால் சாதியும் கட்சிப் பணமும் அடிதடியும் உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அதற்கு விடையாகத்தான், மாணவர் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு ஏற்றது: வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே போதும், வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும், வேட்புமனு முதல் முடிவு அறிவிப்பு வரை எல்லாம் 10 நாட்களுக்குள் முடிய வேண்டும். சூழல் சரியில்லாத இடங்களில் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக அனுமதித்த அதே குழு, 5 ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்றும் சொன்னது. இடைக்காலம் என்றதையே நிரந்தரமாக்கிக்கொண்ட கல்லூரிகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1965இல் மொழிப் போராட்டத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்த மாநிலம் இது; இரண்டே ஆண்டுகளில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் ஒரு மாணவர் தலைவர். 1989 முதல் 18 வயதினர் நாடாளுமன்றத்துக்கே வாக்களிக்கிறார்கள். தங்கள் கால அட்டவணையைப் பற்றிப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஏன் தகுதியற்றவர்கள் ஆகிறார்கள்?

போன வாரம் அக்கா மகள் ஒரு மனுவைக் காட்டினாள். பேருந்து நேரத்தைக் குறிப்பிட்டு, கையால் எழுதி, இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். "இத்தனை பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டா, அது போராட்டம் ஆயிடுமா மாமா?" என்று கேட்டாள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளோடு நானும் கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போகிறேன்.