வராத கை முதல்ல

இன்னைக்கு ஒரு தாத்தாவுக்கு சட்டை போட்டு விட்டேன். அவ்ளோதான் வேலை. இருபது நிமிஷம் ஆச்சு.

பக்கவாதம் வந்தவங்களுக்கு சட்டை போடறப்ப வராத கையத்தான் முதல்ல நுழைக்கணும், கழட்டறப்ப நல்ல கைல ஆரம்பிக்கணும். முடியாதவங்களப் பாத்துக்கற வேலைக்கான கிளாஸ்ல சொல்லித்தான் குடுத்தாங்க. நான் பதட்டத்துல மாத்தி செஞ்சு, சட்டை முதுகுல சுருண்டு, அவரும் சிக்கி நானும் சிக்கி...

அவரு ஒண்ணும் சொல்லல. நல்ல கையால என் பேட்ஜைத் திருப்பிப் படிச்சாரு. 'டிரெய்னி'ன்னு போட்டிருக்கும். அப்புறம் என் நரைச்ச தலையப் பார்த்தாரு. சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு!

14 வருஷம் சிவில் இன்ஜினியரா இருந்தவன் நான். ஊர விட்டு இந்த நாட்டுக்கு வந்தா டிகிரிய மதிப்பீட்டுக்கு அனுப்பு, லைசென்ஸ் பரீட்சை எழுது, அதுக்கு மேல இந்த நாட்டு அனுபவம் இருக்கான்னு ஒரு கேள்வி. வேலை குடுத்தாத்தானே அனுபவம் வரும், சரி விடுங்க அது தனிக் கதை.

ஆனா கட்டில்லேர்ந்து அவர வீல்சேருக்கு மாத்தறப்ப மட்டும் தடுமாறவே இல்ல. பிரேக் போட்டு, கால அகட்டி நின்னு, வெயிட் எந்தப் பக்கம் இறங்குதுன்னு கண்ணு தானா பார்த்துச்சு. அந்தப் பழைய கண்ணுக்கு யாரும் சர்டிபிகேட் கேக்கல.

இப்ப வீட்ல இடது கையத் தொங்கப் போட்டுட்டு சட்டை மாட்டிப் பழகிட்டிருக்கேன். பொண்டாட்டி வாசல்ல நின்னு பாக்கறா, ஒண்ணும் கேக்கல.