கட்டை அவிழ்க்கும் முன்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் ஆவணக் காப்பகத்தில் புதிய மாணவர்களுக்கு இன்றுதான் முதல் வகுப்பு. அவர்களுடைய பேனாக்களை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தேன். ஆவணத்தில் மை பட்டால் எடுக்க வழியில்லை. வெள்ளைக் கையுறை எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லா வருடமும் வரும் கேள்விதான். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் கையுறை வேண்டும். பழைய காகிதத்துக்குப் பெரும்பாலும் கழுவித் துடைத்த வெறும் கையே நல்லது. துணி மூடிய விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடும்.

ஜூன் 5, வியாழன்

காலை முழுக்கக் குண்டூசி எடுப்பதிலேயே போனது. துரு, தாளோடு ஒட்டிப் போயிருக்கிறது. மதியம் ஒரு பெட்டியைத் திறந்ததும் காடி வாசனை. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன படச்சுருள் சிதையத் தொடங்கினால், காடியில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம் வெளியேறும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். உடனே தனியாக எடுத்து வைத்தோம்.

ஜூன் 11, புதன்

மூல ஒழுங்கைப் பற்றிய பாடம். ஆவணங்களை உருவாக்கியவர் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே காப்பது. ஒருவருடைய ஆவணங்களை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது என்று பிரான்ஸில் 1841-இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. 1898-இல் முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் என்ற மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் இந்த வேலைக்கே 100 விதிகள் எழுதினார்கள்.

இதையெல்லாம் நானும் படித்துத் தேர்வும் எழுதியவள்தான். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஒரு குடும்பத்தின் கடிதங்கள் வந்தபோது, கட்டுகளை எல்லாம் அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சில மாதம் கழித்து ஆய்வாளர் ஒருவர் வந்து, "மனு நகல்களோடு சேர்த்துக் கட்டியிருந்த கடிதங்கள் எவை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எதை எதோடு சேர்த்து வைத்தார்கள் என்பதை நானே அழித்துவிட்டேன். கடிதம் ஒன்றுகூடத் தொலையவில்லை, ஆனால் அந்தச் சேர்க்கை போனது போனதுதான். அன்று இரவு தூங்கவில்லை.

இதை மாணவர்களிடம் முழுவதும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது.

ஜூன் 16, திங்கள்

ஆவண அறையில் ஈரப்பதம் 58 சதவீதம். ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். பராமரிப்புக்குச் சொல்லியாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

கையுறை கேட்ட மாணவிக்கு இன்று முதல் கட்டு கொடுத்தேன். கயிற்றில் கை வைக்கும் முன் படம் எடுத்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக எண்ணிட்டாள். நடுவில் ஒரு மருந்துச் சீட்டு. "இதை ரசீதுகளோடு வைக்கலாமா மேடம்?" என்றவள், நான் வாய் திறக்கும் முன்பே, "வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்றாள். 7-ஆம் கடிதத்துக்கும் 8-ஆம் கடிதத்துக்கும் நடுவில் சீட்டு என்று பென்சிலால் குறித்தாள்.

சாயங்காலம் 8-ஆம் கடிதத்தைப் படித்தோம். "இப்போது தேவலை" என்றுதான் தொடங்குகிறது. என்ன உடம்புக்கு என்று கடிதத்தில் எங்கும் இல்லை. சீட்டில் இருக்கிறது.