அப்பாவுக்கு இல்லாத ஆள் தெரிந்ததும் அதற்கான காரணமும்

அப்பாவுக்கு 74 வயது, மனநோய் என்று எதுவும் இருந்ததில்லை. சில நாட்களிலேயே ஆளே மாறிவிட்டார். ஜன்னல் பக்கம் யாரோ நிற்கிறார்களாம், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்களாம், அதற்கு நானும் உடந்தையாம். காலையில் ஓரளவு தெளிவாக இருப்பார், பொழுது சாய்ந்தால் மறுபடி ஆரம்பித்துவிடும். வயதானால் அப்படித்தான் என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

டாக்டர் அப்பாவிடம் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். சனி, வெள்ளி என்று தொடங்கியவர் வியாழனோடு நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கவனம் இப்படி நழுவுவதும், ஒரே நாளில் நிலைமை ஏறி இறங்குவதும், குரல் கேட்பதைவிட உருவங்கள் அதிகம் தெரிவதும் டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பத்தின் அடையாளம், மூளைக்கு வெளியே காரணம் இருக்கலாம் என்றார். ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனநோய் பெரும்பாலும் இளவயதில் தொடங்குவது. இந்த வயதில் திடீரென்று வந்தால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டுமாம். சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12, சிறுநீரில் தொற்று, தலைக்கு சிடி ஸ்கேன் எல்லாம் எழுதிக்கொடுத்தார். அப்புறம் வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். என்னைக் கேட்டால் ஸ்கேனைவிட உதவியது அந்தப் பைதான்.

ரத்தத்தில் சோடியம் 121, இருக்க வேண்டியது 135 முதல் 145. ரத்தக்கொதிப்புக்குப் புதிதாகச் சேர்த்த ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை அதைக் குறைத்து, குழப்பத்தைக் கிளப்பியிருக்கிறது. போதாக்குறைக்கு ஜலதோஷத்துக்கு ராத்திரி போட்ட குளோர்பெனிரமின், அதுவும் முதியவர்களைக் குழப்பக்கூடியதாம். இரண்டையும் நிறுத்தி அட்மிட் செய்தார்கள். சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் மூளைக்கே ஆபத்து என்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார்கள்.

மனநல மருத்துவரும் வந்தார். கை நடுக்கம், நடையில் தளர்ச்சி முன்பே இருந்ததா என்று துருவிக் கேட்டார், ஏனென்றால் லூவி பாடி டிமென்ஷியா என்கிற மறதிநோயாக இருந்தால் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து விபரீதமாகிவிடும். இல்லை என்று உறுதியான பிறகும் அவர் மருந்தில் இறங்கவில்லை. கண்ணாடியும் காது மெஷினும் எப்போதும் போட்டிருக்கட்டும், வாக்குவாதமும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம் என்றார். "எனக்கு யாரும் தெரியலப்பா, உங்களுக்குப் பயமா இருந்தா நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்று நான் சொன்னால் அப்பா அடங்குவார். அவர் தட்டிலிருந்தே நான் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு அவரும் சாப்பிட்டார்.

சோடியம் சரியானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை, பேச்சில் தடுமாற்றம் பல வாரம் நீடித்தது. ஞாபகசக்திப் பரிசோதனையை இப்போது செய்தால் மார்க் தப்பாகக் காட்டும், சில மாதம் போகட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.