முதலில் வங்கிக் கணக்கு, பிறகு காசு

திருகோணமலையில் எல்லோரும் வந்து பார்க்கும்படி ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போட நாங்கள் ஏழு பேர் சேர்ந்தோம். இடம் கிடைத்தது, சங்கப் பதிவும் முடிந்தது. காசு சேர்க்கத் தொடங்கியபோதுதான் அலைச்சல்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கன்றுகளுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் பணம் தருவதாகச் சொன்னார். சங்கத்தின் பெயரில் கணக்கு வேண்டும் என்றார். நியாயம்தான். பதிவுச் சான்றிதழ், யாப்பு (சங்க விதிகள்), அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாவற்றோடும் வங்கிக்குப் போனோம். கணக்குத் திறக்கக் கூட்டத்தில் எடுத்த தீர்மானம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கூட்டம் கூடி அதையும் எழுதிக்கொண்டு போனால், சான்றிதழில் ‘வண்ணத்துப்பூச்சி’, கடிதத் தலைப்பில் ‘வண்ணாத்திப்பூச்சி’, பெயர் பொருந்தவில்லை என்றார்கள். முதல் நாளே இரண்டு தாளும் அவர்கள் மேசையில்தான் இருந்தன! அப்போதே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சம். பொருளாளர் ஒவ்வொரு தடவையும் வேலைக்கு லீவு போட்டு வந்தவர். ஐந்து கிழமை போய்விட்டது, நாங்கள் நம்பியிருந்த நவம்பர் மழையில் பாதியும் போய்விட்டது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகே, அதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்துக் கடிதத் தலைப்பு அச்சடியுங்கள். அவசரம் என்று தனிப்பட்டவர் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

கடைகளுக்குப் போனபோது, “எருக்கு நடவா காசு கேட்கிறீர்கள்?” என்றுதான் முதலில் கேட்டார்கள். பூ தேன் தரும், ஆனால் புழு தனக்குரிய இலையைத்தான் தின்னும், சில இனங்களுக்கு எருக்கு இல்லாவிட்டால் குஞ்சு குருமான் இல்லை என்று விளக்கினோம். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, தேனீ வராவிட்டால் காய் இல்லை என்றதும் வீட்டுத்தோட்டக்காரர்கள் உடனே காசை எடுத்தார்கள். பற்றுச்சீட்டுப் புத்தகம் கையில் இருக்கட்டும்.

மதிப்பீட்டில் வேலியை விட்டது எங்கள் பிழை. இந்த ஊரில் புள்ளிமான்கள் தெருவில் நடப்பது தெரிந்தும் விட்டோம். நட்ட நான்காம் நாள் செவ்வரத்தை முழுவதும் மொட்டை. கொடுத்தவர்களிடமே திரும்பக் கேட்க மனம் வரவில்லை. அதனால் கறிவேப்பிலை, தேசிக் கன்றுகள் வளர்த்து, கன்று 200 ரூபாய்க்கு விற்றோம். இரண்டிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும்.

அப்புறம் ஒரு அக்கா கன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். “தம்பி, இலையில காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஊருது.” அதுதான் அக்கா புழு, வளர்ந்தால் பச்சையாகும், மருந்து அடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கொடுத்தனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அவரே போன் எடுத்தார். கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது, சிறகு காயும்வரை பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக மறுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அந்த ஒழுங்கையில் மட்டும் பதினொரு கன்று விற்றது. வேலி மூன்று பக்கம் முடிந்துவிட்டது, கடற்கரைப் பக்கம் பாக்கி.