பிரெஸ்க் ஐல் சதுப்பில் ஒரு காலைப்பொழுது

மே மாத நடுவில் ஒரு ஞாயிறு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரெஸ்க் ஐல் மாகாணப் பூங்காவுக்குப் போனேன். கனடாவில், டொரோண்டோவின் ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். பிரைட்டன் என்ற சின்ன ஊரில் ஏரிப் பக்கம் திரும்ப வேண்டும். பெயர் பிரெஞ்சு, 'கிட்டத்தட்டத் தீவு' என்று அர்த்தம். ஒரு காலத்தில் தீவாகவே இருந்த சுண்ணாம்புக்கல் திட்டு அது. ஒன்டாரியோ ஏரி மணலைக் குவித்துக் குவித்துக் கரையோடு சேர்த்துவிட்டது.

எங்கட சனம் கோடையில் வந்து, மணலில் பார்பிக்யூ போட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறது. எனக்கு அது பெரிய மனக்குறை. இந்தப் பூங்காவின் உயிர் சதுப்பில்தான் இருக்கிறது.

சதுப்புக்குள் பலகைப் பாதை, சுற்றிவர ஒரு கிலோமீட்டர் சொச்சம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மேடு பள்ளம் இல்லாததால் என் கையைப் பிடித்தபடி வந்தார். போன வருடத்துச் சம்பு காய்ந்து நிற்க, அடியில் புதுத் தளிர்கள் தண்ணீரைக் கீறிக்கொண்டு வந்திருந்தன. ஒரு காய்ந்த தண்டின் நுனியில் கறுப்புக் குருவி ஒன்று. சும்மா இருக்கும்போது வெறும் கறுப்பு. கத்துவதற்காக முன்னால் குனிந்து தோளை உப்பியதும் சிவப்பு பளீரென்று வெளியே வந்தது, அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு. ஒவ்வொரு கத்தலுக்கும் தண்டு ஆடியது. ஒரு தடவை எங்கள் தலைக்கு மேலேயே பாய்ந்தது. பக்கத்தில் கூடு இருந்திருக்க வேண்டும்.

"இந்தச் சேத்து மணம் தொண்டைமானாத்துப் பக்கம் போன மாதிரிக் கிடக்கு தம்பி," என்றார் அம்மா, யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றை நினைத்து. அப்புறம் வாங்கில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழும்பவில்லை.

காட்டுப் பக்கம் கதிர்க்குருவிகள். தெற்கிலிருந்து வருபவை இரவோடு இரவாக ஏரியைக் கடக்கின்றன. ஏரிக்குள் நீண்டிருக்கும் இந்த நிலம்தான் பலவற்றுக்கு முதலில் தட்டுப்படும் கரை. களைத்துப்போய்க் கண் மட்டத்திலேயே புழு பொறுக்கும், தொலைநோக்கியே தேவையில்லை. முனையில் 1840இல் கட்டிய கலங்கரை விளக்கத்தையும் பார்த்தோம்.

போகிறவர்கள் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்லில் உண்ணி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பார்ப்பது அவசியம்.

செப்டம்பரில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிகோ போகிற வழியில் இங்கே இறங்கும். சொன்னதுதான் தாமதம், அம்மா சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார்.